நூற்றுக்கு ஆறு யார் தலையில்

அந்தத் தெருவில் அவளைக் கறையக்கா என்றுதான் சொல்வார்கள். முதலில் அப்படிக் கூப்பிட்டவர் கொஞ்சம் தயங்கியிருப்பார். கறை என்பது யாரும் ஆசைப்பட்டுப் பேரோடு சேர்த்துக்கொள்கிற சொல் இல்லை. ஆனால் அவள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள். மை, துரு, ரத்தம், கிரீஸ், எதைக் கொண்டுவந்தாலும் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள், மூக்கருகே கொண்டுபோய் ஒரு தரம் மோந்து பார்ப்பாள், பிறகு "வியாழக்கிழமை வாங்க" என்பாள். வியாழக்கிழமை போனால் கறை இருந்த இடத்தைத் துணிக்குச் சொந்தக்காரராலேயே காட்ட முடியாது.

பன்னிரண்டு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருந்து கற்றுக்கொண்ட வித்தை அது. ஆஸ்பத்திரி சலவையை வெளியாளுக்குக் குத்தகை விட்டபோது, வீட்டுக்கு அனுப்பிய முப்பது பேரில் அவளும் ஒருத்தி. அனுப்பும்போது ஆஸ்பத்திரி கொடுத்த பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்து, அவர்கள் கழித்துக்கட்டிய இரண்டு சலவை மெஷின்களை வாங்கினாள். ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அவள் கணவர், "பணத்தைக் குடுத்து இரும்பை வாங்கிட்டு வந்திருக்கே" என்றார். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அந்த இரும்புதான் அவர்கள் வீட்டு வாடகையையும் மகளின் கல்லூரிச் செலவையும் பார்த்துக்கொண்டது.

கடை பெரிது இல்லை. முன்னால் ஒரு மேஜை. அதற்குப் பின்னால் குறுக்குக் கம்பியில், எண் போட்ட சீட்டு குத்திய சட்டைகளும் கோட்டுகளும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தொங்கும். உள்ளே சிமென்ட் மேடையில் போல்ட்டு போட்டு இறுக்கிய இரண்டு மெஷின்கள், தரையில் தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால், மூலையில் நீராவி இஸ்திரி மேஜை. மெஷின்களைப் பார்த்துக்கொண்டவள் நாத்தனார், கணவரின் தங்கை. இஸ்திரி மேஜையில் நின்றவனுக்குப் பேரே மடிப்பு. அவன் போட்ட மடிப்பில் கை வைத்தால் அறுத்துவிடும் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். நாற்பதைத் தாண்டியவன், அதிகம் பேசமாட்டான். பேச்சு எல்லாம் நாத்தனாருக்குப் போய்விட்டது.

மேஜைக்கு மேலே ஒரு சின்னத் தொலைக்காட்சி இருந்தது. வரிச் சீர்திருத்தம் வந்த சேதியை அவர்கள் அதில்தான் பார்த்தார்கள். அமைச்சர் ஒருவர் நின்று, இதுவரை இருந்த ஏழெட்டுச் சில்லறை வரிகளை எல்லாம் ஒழித்துவிட்டதாகவும், இனி ஒரே ஒரு வரிதான் என்றும், வியாபாரம் செய்கிற எவரும் தங்கள் வரவில் நூற்றுக்கு ஆறு கட்டினால் போதும் என்றும் சொன்னார். கடைசியில், இது மக்கள் மேல் போட்ட வரி இல்லை, நிறுவனங்கள் மேல் போட்ட வரி, மக்களுக்கு இதனால் ஒரு பைசா சுமை கிடையாது என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர் அப்போது தன் வெள்ளைக் கோட்டுகளை வாங்க வந்திருந்தார். நல்ல காரியம், பெரிய முதலைகள் இனியாவது கட்டட்டும் என்றார்.

கறையக்காவின் கையில் அப்போது ஒரு கோட்டு இருந்தது. அவள் தொலைக்காட்சியைப் பார்த்தாள். பிறகு கடைக்குள் திரும்பி மெஷின்களையும் நாத்தனாரையும் மடிப்பையும் பார்த்தாள். அந்த முதலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுகிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. நூறு வந்தால், சம்பளம், வாடகை, மின்சாரம், தண்ணீர், சோப்பு எல்லாம் போக அவள் கையில் நிற்பது பதினொன்று. நல்ல மாதமாக இருந்தால் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டில் ஆறு.

அவளுடைய தம்பி வரி அலுவலகத்தில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவனைச் சாப்பிடக்கூட விடாமல் பிடித்துக்கொண்டாள். அவன் பொறுமையாக விளக்கினான். வருஷ வரவு இன்ன அளவுக்கு மேலே இருந்தால் பதிவு செய்ய வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை படிவம் போட வேண்டும், அவ்வளவுதான், பழையபடி ஏழு இடத்துக்கு அலைய வேண்டாம் என்றான். அவளுக்கு அலைவதைப் பற்றிக் கவலை இல்லை.

"அக்கா, நீ தப்பாப் புரிஞ்சுக்கிட்டே. வரி உன் மேல இல்ல, உன் கடை மேல."

"என் கடைக்கு வயிறு இருக்காடா? அது ஒரு வேளை சாப்பிடாம இருந்து கட்டுமா?"

"விலையில ஏத்திக்க. எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க."

"அப்ப மக்கள் மேல இல்லன்னு அந்த ஆளு சொன்னது?"

தம்பி தண்ணீர் குடித்தான். கணவர் உள்ளேயிருந்து, "விடு, பார்த்துக்கலாம்" என்றார். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். விட்டால் யார் பார்த்துக்கொள்வது என்பதை மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

சரி, எல்லோரும் ஏற்றுவார்களே என்று அவளும் ஏற்றினாள். ஒரு சட்டை துவைத்து இஸ்திரி போட இருபது என்று இருந்த பலகையை அழித்து இருபத்தொன்று என்று எழுதினாள். முதல் நாளே சில்லறைத் தகராறு. இருபத்திரண்டு என்று மாற்றியதும் பகல் கொள்ளை என்றார்கள். பல் டாக்டர் வாரத்துக்கு எட்டுக் கோட்டு சலவைக்குப் போடுகிறவர், நாலாகக் குறைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, விலைவாசி ஏறிக்கொண்டே போகிறது, நாங்களும் சிக்கனமாகத்தானே இருக்க வேண்டும் என்றார். அந்த மாதமே கறையக்காவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று வீங்கி, அவரிடமே போய்ப் பிடுங்க வேண்டியதாயிற்று. ரசீதில் பார்த்தால் பழைய கட்டணத்துக்கு மேல் நூற்றுக்கு ஆறு, வரி என்று தனியாக அச்சடித்திருந்தது. வாயில் பஞ்சு இருந்ததால் அவளால் கேட்க முடியவில்லை. முடிந்திருந்தாலும் என்ன கேட்பது? பல்லை அப்படியே விட்டுவிடுங்கள், நான் விலை குறைவான இடத்துக்குப் போகிறேன் என்றா? வீட்டுக்குத் திரும்பும்போது அவளுக்கு ஒன்று புரிந்தது. அவரிடம் வருகிறவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அவளிடம் வருகிறவர்கள் பையை ஆட்டிக்கொண்டு வருகிறார்கள், பிடிக்காவிட்டால் அப்படியே ஆட்டிக்கொண்டு வேறு பக்கம் போகலாம்.

போகவும் போனார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய சலவை நிறுவனம் புதிதாகக் கிளை திறந்திருந்தது. வீட்டுக்கே வேன் அனுப்பித் துணி எடுப்பார்கள், அதனால் ஊரில் அதற்கு வேன்காரன் கடை என்று பேர். அங்கே சட்டைக்கு இருபது, அப்படியேதான் இருந்தது. எப்படிக் கட்டுப்படியாகிறது என்று தம்பியைக் கேட்டாள். புது முதலீட்டுக்கு ஐந்து வருஷம் சலுகை உண்டு, அதே சட்டத்தில்தான் இருக்கிறது, நாற்பத்து மூன்றாவது பிரிவு என்றான். அவன் அதைச் சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மூன்று வாரத்தில் கறையக்காவின் கம்பியில் நாலில் ஒரு பங்கு காலியானது. பலகையை அழித்து மறுபடியும் இருபது என்று எழுதினாள். அழித்து அழித்து அந்த இடமே சாம்பல் நிறமாகிவிட்டது.

மேலே ஏற்ற முடியாவிட்டால் கீழே குறைக்கலாம் என்று தான் பணம் கொடுக்கிற இடங்களுக்குப் போனாள். சோப்பும் கறை நீக்கும் மருந்தும் கொண்டுவருகிறவர் அவள் வாயைத் திறக்கும் முன்பே ஒரு புது விலைப்பட்டியலை நீட்டினார். மருந்து செய்கிறவன் ஆறு ஏற்றினான், டப்பா செய்கிறவன் ஆறு, லாரிக்காரன் ஆறு, நான் ஆறு என்று விரல் மடக்கிக் காட்டினார். வரிக்கு மேல் வரி, அதற்கு மேல் வரி என்று அடுக்கி, அடுக்கின் உச்சியில் அவளை உட்காரவைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

கட்டடக்காரர் இன்னும் ஒரு படி மேலே. வாடகைக்கு விடுவதும் வியாபாரம்தான் என்று சட்டம் சொல்லிவிட்டதாம். அதனால் வாடகையில் நூற்றுக்கு எட்டு ஏற்றப்போவதாகச் சொன்னார்.

"வரி ஆறுதானே, நீங்க எட்டு ஏத்துறீங்க?"

"அந்த எட்டுக்கும் நான் ஆறு கட்டணும் இல்லம்மா."

அவள் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் ஆறரையைத் தாண்டவில்லை. அதைச் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, பிடிக்கவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை என்றார். அந்த மெஷின்களை மேடையிலிருந்து பெயர்த்து, வேறு இடத்தில் சிமென்ட் போட்டு, வாய்க்கால் வெட்டி, தண்ணீர்க் குழாய் இழுப்பது என்றால் ஒரு வருஷ வருமானம் வேண்டும். அது அவளுக்குத் தெரியும். அவருக்கும் நன்றாகத் தெரியும்.

கடைசியில், கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லிக் கேட்க, ஓட்டல். மேஜை விரிப்புகளும் விருந்தாளிகளின் கோட்டுகளும் வாரம் மூன்று தடவை அங்கிருந்துதான் வரும். வரவில் பாதி அவர்களால்தான். ஓட்டல் மேலாளரைப் பார்க்க முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். அவர் வெளியே வரவில்லை, ஒரு கடிதத்தை மட்டும் கொடுத்தனுப்பினார். எங்களுக்குச் சேவை வழங்கும் அனைவரும் புதிய வரியைத் தாங்களே ஏற்றுக்கொள்வார்கள் என நம்புகிறோம் என்று ஒரே ஒரு வரி. நம்புகிறார்களாம். கறையக்கா அந்தக் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வழி நெடுக அந்த ஒரு சொல்லை மட்டும் மென்றுகொண்டே வந்தாள்.

முதல் மூன்று மாத வரியைக் கையிலிருந்துதான் கட்டினாள். மகளுக்கு அனுப்புகிற பணத்தில் குறைத்தாள். இரண்டாவது தடவைக்கு அதுவும் முடியவில்லை. அப்போதுதான், யாரிடம் போவது என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்தவளுக்கு, இன்னும் கேட்காத இரண்டு பேர் பக்கத்திலேயே நிற்பது கண்ணில் பட்டது.

சனிக்கிழமை இனி அரை நாள் என்று சொன்னாள். அரை நாளைக்கு அரைச் சம்பளம். ஆனால் வேலை குறையவில்லை, திங்கட்கிழமைத் துணியைச் சனி மதியத்துக்குள் முடிக்க வேண்டும். இதைச் சொல்லும்போது அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை, ஒரு சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மடிப்பு, "சரிங்கக்கா" என்றான். அவ்வளவுதான். அவன் இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாள், கட்டடக்காரர் செய்ததை, ஓட்டல்காரன் எழுதியதை எல்லாம் கொட்டியிருப்பாள். அந்தச் சரிங்கக்காவைக் கேட்டுவிட்டு அவள் காலரை இன்னொரு தரம் நீவிவிட்டாள். நாத்தனார் மெஷின் கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினாள். அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது கணவருக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவர் முதல் தடவையாக "விடு" என்று சொல்லவில்லை.

இரண்டு மாதம் ஓடியது. வரியை ஒழுங்காகக் கட்டினாள், ரசீது வந்தது. செலுத்தியவர் என்ற இடத்தில் கடையின் பேர் இருந்தது. பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பிறகு அந்தக் கோட்டு. ஓட்டலில் தங்கியிருந்த யாரோ ஒரு பெரிய மனிதரின் கருநீலக் கோட்டு, மறுநாள் மாநாட்டில் பேசப் போட்டுக்கொள்ள வேண்டியது. கறை எதுவும் இல்லை, இஸ்திரி மட்டும்தான். உள்ளே கருகல் வாசனை வந்தபோது மெஷின் பெல்ட்டுதான் தீய்கிறது என்று நினைத்து அவள் அந்தப் பக்கம் ஓடினாள். பெல்ட்டு சரியாகத்தான் இருந்தது. மடிப்பு இஸ்திரி மேஜை முன்னால் நின்றபடியே கண் மூடியிருந்தான். கை மட்டும் இஸ்திரிப் பெட்டியின் மேல். அவள் ஓடிவந்து பெட்டியைத் தூக்கியபோது கோட்டின் முதுகில் அதன் மூக்கு முழுதாகப் பதிந்திருந்தது. எந்த மருந்துக்கும் போகாத கறை அது ஒன்றுதான்.

இங்கே வருவதற்கு முன்னால் செய்ததையும் சேர்த்தால் பதினேழு வருஷத்து இஸ்திரிக்காரன். ஒரு கைக்குட்டையைக்கூட அவன் தீய்த்ததில்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றான். நாத்தனாரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அண்ணி, அவர் காலையில அஞ்சு மணிக்கு வேன்காரன் கடையில நின்னு மூணு மணி நேரம் தேய்ச்சுட்டுத்தான் இங்க வர்றார். ரெண்டு மாசமா. நீங்க குறைச்சதை அங்க போய்ச் சம்பாதிக்கிறார்."

"எனக்குச் சொல்லவே இல்லையே."

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க? அண்ணி, நீங்க வரி கட்டலை. மடிப்பண்ணன் தூங்காம கட்டிட்டிருக்கார். நீங்க கொண்டுபோய்க் குடுக்கிறீங்க, அவ்வளவுதான்."

மடிப்பு, "விடும்மா" என்று நாத்தனாரைத் தடுத்தான். கறையக்காவுக்குக் கோபம் வந்தது. போட்டிக் கடைக்கே போய் வேலை செய்கிறானே என்று வந்த கோபம் அது. கொஞ்ச நேரம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தாள். நிற்கவில்லை. கோட்டின் விலையை ஓட்டல்காரர்கள் அந்த மாதப் பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். சனிக்கிழமைகளில் இரண்டு பேரிடமும் அவள் மிச்சம் பிடித்ததைக் கூட்டிப் பார்த்தால் அதைவிடக் கொஞ்சம் குறைவாக வந்தது. இதற்காகவா இத்தனை கூத்து என்று தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்த வாரம் வரி அலுவலகத்தில் வியாபாரிகளுக்கு விளக்கக் கூட்டம் என்று தம்பி சொன்னான், வந்தால் நல்லது, ஆள் வேண்டும் என்றான். போனாள். குளிரூட்டிய மண்டபம், முன்னூறு நாற்காலி, எண்பது பேர். ஒரு அதிகாரி திரையில் படம் போட்டுக் காட்டினார். அம்புக்குறிகள் கடையிலிருந்து அரசாங்கத்துக்குப் போயின, அரசாங்கத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் போயின. கடைக்குள்ளே எங்கிருந்து வந்தன என்று மட்டும் அம்பு இல்லை. கேள்வி நேரத்தில் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு ஓடுகிற வேலை தம்பிக்கு. அக்கா கை தூக்கியதைப் பார்த்துவிட்டு அவன் இரண்டு தடவை வேறு பக்கம் ஓடினான். மூன்றாவது தடவை அவளே எழுந்து நின்றுவிட்டாள்.

"ஐயா, பள்ளிக்கூடம் வேணும், ரோடு வேணும், நான் வேண்டாம்னு சொல்லலை. நிறுவனம் கட்டுதுன்னு போட்டிருக்கீங்க. என் நிறுவனத்துல ரெண்டு மெஷினும் மூணு மனுஷங்களும் இருக்கோம். மெஷின் கட்டாது. இந்த மூணு பேர்ல யார் கட்டணும்னு நினைச்சு இதை எழுதினீங்க?"

அதிகாரி நல்ல கேள்வி என்றார். பிறகு, விலை, கூலி, வாடகை என்று பல வழிகளில் அது பகிர்ந்துகொள்ளப்படும், யார் எவ்வளவு என்பதைச் சந்தை தீர்மானிக்கும் என்றார். "அவர் வந்திருக்காரா?" என்று அவள் கேட்டாள். மண்டபம் சிரித்தது. அவள் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. தன் கடைச் சம்பளத்தைத் தீர்மானிக்கிற ஒருவர் இருக்கிறார் என்றால் அவரிடம் நேரிலேயே ரெண்டு வார்த்தை பேசிவிடலாம் என்று அந்த நிமிஷம் உண்மையாகவே தோன்றியது. உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது என்று சொல்லி உட்காரச் சொன்னார்கள். வெளியே வந்து தம்பி, "மானத்தை வாங்கிட்டியே" என்றான். அதற்கு வரி உண்டா என்று கேட்டுவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

அவள் கேட்டதால்தானோ, அவளைப் போல இன்னும் ஆயிரம் பேர் கேட்டதாலோ, தேர்தல் பக்கத்தில் வந்ததாலோ, அடுத்த பட்ஜெட்டில் சீர்திருத்தத்தைச் சீர்திருத்தினார்கள். சிறு வியாபாரிகளுக்கு ஆறு இனி இரண்டு. அதே அமைச்சர், அதே சிரிப்பு. இந்தச் சலுகை நேராக மக்களைப் போய்ச் சேரும் என்றார்.

முதலில் வந்து சேர்ந்தவர் பல் டாக்டர். கையில் பத்திரிகையோடு வந்து, வரி குறைந்துவிட்டதாமே, சட்டைக்கு எவ்வளவு குறைக்கிறீர்கள் என்றார். ஏற்றியதை அப்போதே இறக்கிவிட்டேனே, இனி எதிலிருந்து குறைக்க என்று கேட்டாள். நீங்கள் எவ்வளவு குறைத்தீர்கள் என்றும் கேட்டாள். அவருக்குப் புது நாற்காலி வாங்க வேண்டியிருந்ததாம், அதனால் இந்த வருஷம் கஷ்டம் என்றார். சோப்புக்காரர் பழைய சரக்கு தீரட்டும் என்றார். பழைய சரக்கு எப்போது தீரும் என்பதை அவர் சொல்லவில்லை. வேன்காரன் கடைக்கு எதுவும் மாறவில்லை, அவர்கள் முன்பும் கட்டவில்லை, இப்போதும் கட்டவில்லை.

கறையக்கா எல்லோரையும் மனசுக்குள் வைதாள். ஏறும்போது எலிபோல ஓடி வருகிறார்கள், இறங்கும்போது மாடுபோல அசைபோடுகிறார்கள் என்று கணவரிடம் சொன்னாள். அவர் தட்டைக் கழுவிக்கொண்டே, மடிப்புக்குச் சனிக்கிழமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் இன்னும் கொடுக்கவில்லை. வரி குறைந்து அன்றோடு பதினொரு நாள் ஆகியிருந்தது. மெஷின் பெல்ட்டு தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், கோட்டுக்குப் போன பணம் இன்னும் இடிக்கிறது, மகளுக்குக் குறைத்ததை அனுப்ப வேண்டும், இந்த மாதம் போகட்டும் என்று தனக்குள்ளேயே பூசி மெழுகிக்கொண்டு இருந்தாள். கட்டடக்காரரும் சோப்புக்காரரும் சொன்ன காரணங்களில் எதுவும் இதைவிட மோசம் இல்லை.

மறுநாள் சனிக்கிழமை. மதியம் இஸ்திரியை அணைத்துவிட்டு மடிப்பு மேஜையருகே வந்து நின்றான். தானாக வந்து நிற்கிறவன் இல்லை அவன்.

"அக்கா, வரியைக் குறைச்சுட்டாங்கன்னு சொல்றாங்க."

"ஆமாம்."

"நமக்குமா?"

அவன் நமக்கு என்றதுதான் அவளைச் சுட்டது. "நமக்கும்தான். ரெண்டு வாரமாச் சொல்லாம வெச்சிருந்தேன்" என்றாள். நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமை முழு நாள், முழுச் சம்பளம், போன மாதங்களுக்கு உண்டானதைத் தன்னால் இப்போது கொடுக்க முடியாது, பெல்ட்டு மாற்றிய பிறகு பார்க்கலாம் என்று, இந்தத் தடவை இரண்டு பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள். வேன்காரன் கடைக்குப் போவதை நிறுத்து, நீ இன்னொரு கோட்டைத் தீய்த்தால் என்னை யாராலும் காப்பாற்ற முடியாது என்று மடிப்பிடம் சொன்னாள். அவன் சிரித்தான். திங்கட்கிழமை அவன் நன்றாகத் தூங்கிவிட்டு, கால் மணி நேரம் தாமதமாக வந்தான். அதற்குள் அவளே இஸ்திரியைப் போட்டு வைத்திருந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்றாவது வாரம் கட்டடக்காரர் வந்தார். வாடகையைக் குறைக்கத்தான் வந்திருக்கிறார் என்று நாத்தனார் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து, சிறு கடைகளுக்கு வரி குறைந்ததிலிருந்து கடை வைக்க இடம் கேட்டு நிறையப் பேர் வருகிறார்கள், போன வாரம் மட்டும் நாலு பேர், இந்த இடத்துக்கு ஒருவர் பத்து அதிகமாகவே தருகிறேன் என்கிறார், நீங்கள் பழைய ஆள் என்பதால் ஏழு ஏற்றினால் போதும் என்றார்.

"வரி ஏறினாலும் ஏத்துறீங்க, இறங்கினாலும் ஏத்துறீங்க."

"நானா ஏத்துறேன்? நிலவரம் அப்படி இருக்கும்மா."

பேசிப் பேசி ஏழை ஐந்தாக்கினாள். வரியில் மிச்சமான நாலில் சனிக்கிழமைக்குப் போனது போக இருந்த கொஞ்சமும் அவர் பைக்குள் போயிற்று. கடையில் மூன்று பேரும் பழைய சம்பளத்துக்குத் திரும்பியிருந்தார்கள் என்று சொல்ல முடியாது. மடிப்பும் நாத்தனாரும் திரும்பியிருந்தார்கள். அவள் மட்டும் சீர்திருத்தத்துக்கு முன்னால் இருந்ததைவிட இரண்டு படி கீழே நின்றாள். அதைப் பற்றிப் புலம்பினாள்தான், தினமும் புலம்பினாள், துணிகளிடம்கூடப் புலம்பினாள். ஆனால் சனிக்கிழமையில் மறுபடியும் கை வைக்கவில்லை.

வருஷக் கடைசியில் வரி அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. சிறு வியாபாரிகளுக்கான வரிச் சலுகையால் பயன்பெற்றவர் யார் என்று ஒரு கட்டம், ஒரே ஒரு வரி எழுத இடம். அவள் யோசிக்கவே இல்லை. கட்டடக்காரர் என்று தெளிவாக எழுதி, அவருடைய விலாசத்தையும் போட்டு, கையெழுத்து வைத்து அனுப்பினாள். ஒரு வாரம் கழித்துத் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அக்கா, அந்தக் கட்டத்துல உன் பேரை எழுதணும்."

"என் பேருக்குன்னு மேல ஒரு இடம் விட்டிருந்தாங்களே, அங்க எழுதியிருக்கேன்."

"கம்ப்யூட்டர் ஏத்துக்காது. திருப்பி அனுப்புறேன், சரியாப் போட்டுக் குடு."

படிவம் திரும்பி வந்தது. சிவப்பு மையில் சுழித்து, சரியான விவரம் தருக என்று எழுதியிருந்தார்கள். அவள் மேஜையைத் துடைத்து, பேனாவை எடுத்து, சுழித்திருந்த இடத்துக்கு நேர் கீழே மறுபடியும் கட்டடக்காரர் என்று எழுதினாள். இந்தத் தடவை எழுத்துகள் கொஞ்சம் பெரிதாக இருந்தன.